மூச்சு திரும்பிய பிறகு

ஏழாம் மாதத்தில் பிறந்த பிள்ளை தங்கும், எட்டாம் மாதத்தில் பிறந்தது தங்காது என்றொரு நம்பிக்கை நம் குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக நிலவி வருகிறது. கிரேக்க வைத்தியர் ஹிப்போகிரட்டீஸின் பெயரால் வழங்கும் பழைய நூல்களுள் எட்டு மாதச் சிசுவைப் பற்றியே தனியாக ஒன்று இருப்பதால், இந்த எண்ணம் நமக்கு மட்டும் உரியதன்று என்பதும் தெரிகிறது. ஆனால் அது உண்மைக்கு நேர் மாறானது. தாயின் கர்ப்பத்தில் சிசு தங்கும் ஒவ்வொரு வாரமும் அதன் ஜீவனுக்கு ஆதாரமாகச் சேருகிறது. ஏழாம் மாதத்துக் குழந்தையைவிட எட்டாம் மாதத்துக் குழந்தைக்குப் பிழைக்கும் வாய்ப்பு மிகவும் அதிகம். இந்த வித்தியாசத்துக்குரிய காரணங்களுள் தலையாயது நுரையீரலின் முதிர்ச்சி. அந்த முதிர்ச்சி வருமுன் பிறந்துவிடும் சிசுக்களுக்கு நேரும் கடுமையான மூச்சுத் திணறலைப் பற்றியும், அதிலிருந்து தப்பிய குழந்தைகளின் பிற்கால வாழ்வைப் பற்றியும் எழுத விரும்புகிறேன். இவ்விரண்டில் பின்னதைப் பற்றி நம்மிடையே பேச்சு மிகக் குறைவு.

பெங்களூரின் தென்கோடியிலுள்ள எலெக்ட்ரானிக் சிட்டியை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். 1970களின் பிற்பகுதியில் ஆர். கே. பாலிகா என்ற பொறியியலாளரின் முயற்சியால், கோனப்பன அக்ரஹாரம், தொட்டதோகூர் ஆகிய கிராமங்களில் 332 ஏக்கர் நிலத்தில் கர்நாடக அரசின் கியோனிக்ஸ் ஸ்தாபனம் தொடங்கிய அந்தத் தொழிற்பேட்டை, இன்று ஹெப்பகோடி, பொம்மசந்திரா வரைக்கும் ஒரே ஜனசமுத்திரமாக விரிந்துவிட்டது. கம்ப்யூட்டர் கம்பெனிகளிலும், ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளிலும், உதிரிபாகப் பட்டறைகளிலும் வேலை செய்வதற்காகக் கிருஷ்ணகிரியிலிருந்தும் தருமபுரியிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்து குடியேறிய தமிழர்கள் அங்கே ஏராளம். ஓசூரில் வீடும் எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலையுமாகத் தினந்தோறும் அத்திப்பள்ளி எல்லையைக் கடப்பவர்களும் பலர். இளந்தம்பதிகள் நிறைந்த பிரதேசம் அது. மனைவிக்குத் தலைப்பிரசவம் என்றால் வளைகாப்பு முடிந்ததும் அவளைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிடுவதும், பரிசோதனைக் காகிதங்களெல்லாம் பெங்களூர் ஆஸ்பத்திரியில் இருக்கப் பிரசவம் வேறு மாநிலத்தில் வேறு டாக்டரிடம் நடப்பதும் அங்கே சர்வசாதாரணம். குறைமாதக் குழந்தை விஷயத்தில் இந்த இடப்பெயர்ச்சி எவ்வளவு பெரிய இடையூறு என்பதைப் பின்னர் சொல்லுகிறேன்.

முதலில் வியாதியின் தன்மையைத் தெரிந்துகொள்வோம். நம் நுரையீரலில் கோடிக்கணக்கான நுண்ணிய காற்றறைகள் உள்ளன. அவற்றின் உட்சுவரில் எப்பொழுதும் ஈரம் படர்ந்திருக்கிறது. நனைந்த இரண்டு கண்ணாடித் தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பிரிய மறுப்பதுபோல, இந்த ஈரம் காற்றறையின் சுவர்களை ஒன்றோடொன்று இழுத்து மூடிவிடப் பார்க்கிறது. அவ்வாறு மூடாதபடி தடுப்பதற்காக, நுரையீரலில் உள்ள ஒருவகை உயிரணுக்கள், கொழுப்பும் சிறிது புரதமும் கலந்த ஒரு திரவத்தைச் சுரந்து அந்த ஈரத்தின் இழுவிசையைக் குறைக்கின்றன. இதற்கு மருத்துவர்கள் சர்ஃபாக்டன்ட் என்று பெயரிட்டிருக்கிறார்கள். கர்ப்பத்தின் 24ஆம் வாரத்தை ஒட்டிச் சிறுகச் சிறுகச் சுரக்கத் தொடங்கும் இத்திரவம், ஏறக்குறைய 35ஆம் வாரத்தில்தான் போதிய அளவை எட்டுகிறது. அதற்குமுன் பிறந்த சிசு முதல் மூச்சை எப்படியோ இழுத்துவிடுகிறது. ஆனால் அதை வெளிவிட்ட மாத்திரத்தில் காற்றறைகள் மூடிக்கொள்கின்றன. அடுத்த மூச்சுக்கு முதல் மூச்சுக்கு வேண்டியிருந்த பலம் முழுவதும் மறுபடி வேண்டியிருக்கிறது. ஒரு கிலோ எடைகூட இல்லாத உடம்பு நிமிஷத்துக்கு அறுபது தடவைக்கு மேல் இந்தப் போராட்டத்தை நடத்த முடியுமா? சில மணி நேரத்தில் அது களைத்துப்போகிறது. மூக்கின் துவாரங்கள் விரிகின்றன; விலா எலும்புகளுக்கிடையே சதை உள்வாங்குகிறது; ஒவ்வொரு மூச்சின் முடிவிலும் ஒரு முனகல் கேட்கிறது. அந்த முனகலைக் குழந்தை அழத் தொடங்குகிறது என்று நினைத்து மகிழ்ந்துபோகும் உறவினர்கள் உண்டு. உண்மையில், மூடப்பார்க்கும் காற்றறைகளைத் திறந்து வைத்துக்கொள்வதற்காகக் குரல்வளையைப் பாதி அடைத்துக்கொண்டு அந்தச் சிசு செய்யும் பிரயத்தனமே அது.

நிறைமாதத்தை நெருங்கிய குழந்தைகளுக்கும் மூச்சுத் திணறல் வருவதுண்டு. தாய்க்குச் சர்க்கரை நோய் கட்டுப்படாமல் இருந்தால் சிசுவின் நுரையீரல் தாமதமாகவே முதிர்கிறது. நல்ல நட்சத்திரமும் நல்ல ஓரையும் பார்த்து, வலி எடுப்பதற்கு முன்பே, 37ஆம் வாரத்தில் சிசேரியன் செய்யச் சொல்லி டாக்டரை வற்புறுத்தும் குடும்பங்களும், 39 வாரம் நிறைந்து பிறக்கும் குழந்தையைவிட அக்குழந்தைக்குச் சுவாசத் தொல்லை நேரும் அபாயம் அதிகம் என்பதை அறிந்திருக்க வேண்டும். ஜாதகத்துக்காகக் குழந்தையின் மூச்சைப் பணயம் வைப்பது நியாயமல்ல என்பது என் அபிப்பிராயம்.

இந்த வியாதியின் முன் வைத்திய உலகம் எவ்வளவு நிராதரவாக இருந்தது என்பதற்கு 1963ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் நடந்த ஒரு சம்பவமே சாட்சி. அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் மகன் பாட்ரிக், ஐந்தரை வாரம் முன்னதாக, இரண்டு கிலோவுக்குச் சற்று அதிகமான எடையோடு பிறந்தான். இன்றைக்கு நம் மாவட்ட ஆஸ்பத்திரிகளில் அந்த எடையுள்ள குழந்தை பிழைப்பது பெரிய அதிசயமல்ல. ஆனால் உலகத்தின் மிகுந்த அதிகாரம் படைத்த தகப்பனின் பிள்ளை, பாஸ்டன் நகரத்தின் சிறந்த நிபுணர்கள் சூழ்ந்திருக்க, 39 மணி நேரத்தில் இறந்துபோயிற்று. இத்தனைக்கும், சர்ஃபாக்டன்ட் இல்லாமையே இந்நோய்க்குக் காரணம் என்று மேரி எலன் ஏவரி என்ற பெண் மருத்துவர், ஜியர் மீட் என்பவரோடு சேர்ந்து 1959லேயே வெளியிட்டிருந்தார். காரணம் தெரிந்திருந்தது, கை கொடுக்க உபாயம் இல்லை.

உபாயங்கள் ஒவ்வொன்றாக வந்தன. 1971ல் கலிபோர்னியாவில் ஜார்ஜ் கிரிகரி என்பவர், சிசு மூச்சை வெளிவிடும் போதும் காற்றறைகள் மூடாதபடி இலேசான அழுத்தத்தை இடையறாது கொடுக்கும் முறையை இருபது குழந்தைகளிடம் கையாண்டு, பதினாறு பேரைப் பிழைக்க வைத்தார். இதுவே நம் ஆஸ்பத்திரிகளில் சி-பாப் என்று வழங்குவது. குழாயின் மறுமுனையைத் தண்ணீருக்குள் குறிப்பிட்ட ஆழத்தில் அமிழ்த்திவைத்து அந்த அழுத்தத்தை உண்டாக்கும் எளிய அமைப்பு, செலவு குறைவாதலால், நம் நாட்டுக்கு மிகவும் ஏற்றது. 1980ல் ஜப்பானிய மருத்துவர் ஃபுஜிவாரா, மாட்டின் நுரையீரலிலிருந்து எடுத்துப் பக்குவப்படுத்திய சர்ஃபாக்டன்ட்டைப் பத்துச் சிசுக்களின் மூச்சுக் குழாயில் செலுத்திக் குணம் கண்டார். அவ்வகை மருந்து இன்று பெங்களூரின் பெரிய ஆஸ்பத்திரிகளில் சாதாரணமாகக் கையாளப்படுகிறது.

எனினும் இவை எல்லாவற்றையும்விட நான் உயர்வாக மதிப்பது, நியூசிலாந்து தேசத்தின் ஆக்லந்து நகரில் கிரகாம் லிக்கின்ஸ் என்ற மருத்துவர் ஆட்டுக்குட்டிகளிடம் கண்ட ஓர் உண்மையை. பிரசவ வலி எதனால் தொடங்குகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்த அவர், ஸ்டீராய்டு கொடுக்கப்பட்ட நிலையில் குறைமாதத்தில் பிறந்த ஓர் ஆட்டுக்குட்டி, சாகவேண்டிய நேரத்தில் மூச்சுவிட்டுக்கொண்டிருப்பதைக் கவனித்தார். அதன் நுரையீரல், பருவத்துக்கு முன்பே முதிர்ந்திருந்தது. பிறகு ராஸ் ஹோவி என்ற குழந்தை மருத்துவரோடு கூடி 282 கர்ப்பிணிகளிடம் செய்த பரிசோதனையின் முடிவை 1972ல் வெளியிட்டார்: குறைமாதத்தில் பிரசவிக்கப்போகும் தாய்க்கு முன்கூட்டியே ஸ்டீராய்டு ஊசி போட்டால், சிசுவின் மூச்சுத் திணறலும் மரணமும் குறைகின்றன. அந்தக் குழந்தைகளை முப்பது வயது வரையிலும் தொடர்ந்து கவனித்த ஆக்லந்து ஆராய்ச்சியாளர்கள், 2005ல், ஊசியினால் அவர்களுடைய இருதயத்துக்கோ ரத்த அழுத்தத்துக்கோ தீங்கு காணப்படவில்லை என்றும் தெரிவித்தார்கள்.

இந்த ஸ்டீராய்டு வகையைச் சேர்ந்த, விலை மலிவான டெக்ஸாமெதசோன் ஊசி, நம் தேசத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களில்கூடக் கிடைக்கிறது. 24 முதல் 34 வாரத்துக்குள் பிரசவ வலி கண்ட தாய்க்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒன்றாக நான்கு ஊசிகள் போடவேண்டும் என்றும், மேல் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதற்கு முன் முதல் ஊசியைக் கிராம சுகாதாரச் செவிலியரே போட்டு அனுப்பலாம் என்றும் மத்திய சுகாதார அமைச்சகம் 2014ல் விதி வகுத்தது. வசதி குறைந்த நாடுகளில் இது உண்மையாகவே பயன் தருமா என்றெழுந்த சந்தேகத்தைத் தீர்க்க, உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் 2,852 தாய்மார்களிடம் ஆராய்ச்சி செய்தது. 2020ல் வெளியான முடிவின்படி, ஊசி பெறாத தாய்மாரின் சிசுக்களில் 23.5 சதவிகிதம் பிறந்த 28 நாட்களுக்குள் இறக்க, பெற்றவர்களின் சிசுக்களில் அது 19.6 சதவிகிதமாகக் குறைந்தது. ஆனால் ஊசி பலிப்பதற்குச் சில மணி நேரமாவது, சரியாகச் சொன்னால் ஓரிரு நாட்கள், அவகாசம் வேண்டும். ஆகவே ஏழாம் மாதத்தில் இடுப்பு வலியோ நீர்க்கசிவோ கண்டால், சூட்டு வலி என்று சீரகத் தண்ணீர் கொடுத்துப் பொழுதைக் கழிக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். பனிக்குடம் உடைந்து பல மணி நேரம் கழித்து வருபவளுக்கு அந்த ஊசியின் முழுப் பயன் கிட்டுவதில்லை.

2020ஆம் ஆண்டில் உலகத்தில் குறைமாதத்தில் பிறந்த சுமார் 1 கோடியே 34 லட்சம் குழந்தைகளில் ஏறக்குறைய 30 லட்சம் பேர் இந்தியாவில் பிறந்தவர்கள். வேறெந்த தேசத்திலும் இத்தனை பேர் இல்லை. இவர்களில் பெரும்பாலோர் சிறந்த நவஜாத சிசு வார்டுகளுக்கு அருகில் பிறப்பதில்லை. சிறிய ஆஸ்பத்திரியிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே மூச்சு நின்றுபோகும் சிசுக்களின் துயரத்தைக் கேட்டறிந்த நிதேஷ் குமார் ஜாங்கிர் என்ற இளம் பொறியியலாளரும் அவருடைய கூட்டாளிகளும், பெங்களூரில் கோயோ லேப்ஸ் என்னும் நிறுவனத்தின் மூலம், மின்சாரம் இல்லாத இடத்தில் கையாலும் இயக்கக்கூடிய சான்ஸ் என்ற சி-பாப் கருவியை உருவாக்கினார்கள். 2019ல் அதற்காக அவருக்குக் காமன்வெல்த் விருது கிடைத்தது. ஓசூர் நெடுஞ்சாலையில் வாகன நெரிசலில் சிக்கித் தவிக்கும் ஆம்புலன்ஸைப் பார்த்தவர்கள் இத்தகைய கருவியின் அருமையை உணர்வார்கள்.

இத்தனை உபாயங்களாலும் மூச்சு திரும்புகிறது. வென்டிலேட்டர் எடுக்கப்படுகிறது, சி-பாப்பும் எடுக்கப்படுகிறது, குழந்தை பால் குடித்து எடை ஏறுகிறது, ஒருநாள் டிஸ்சார்ஜ் ஆகிறது. உறவினர்கள் திருஷ்டி கழிக்கிறார்கள். கண்டம் தாண்டியாயிற்று என்று எல்லோரும் நினைக்கும் அந்த நாளில்தான் சிகிச்சையின் இரண்டாம் பாதி ஆரம்பமாகிறது என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஏனென்றால், முதிராத உறுப்புகளைக் காப்பாற்ற நாம் கொடுத்த பிராணவாயுவும் அழுத்தமுமே அந்த உறுப்புகளுக்கு ஓரளவு ஊறும் செய்கின்றன.

நுரையீரலையே எடுத்துக்கொள்வோம். வென்டிலேட்டரால் பிழைத்த சிசுக்களின் நுரையீரலில் தழும்பும் வீக்கமும் ஏற்பட்டு, வாரக்கணக்கில் பிராணவாயு தேவைப்படும் நிலையை 1967ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் வில்லியம் நார்த்வே முதன்முதலில் விவரித்தார். அதையே நாட்பட்ட நுரையீரல் நோய் என்கிறார்கள். இக்குழந்தைகள் முதல் இரண்டு வருஷங்களில் சளி, இழுப்பு என்று அடிக்கடி ஆஸ்பத்திரிக்குத் திரும்ப நேரிடுகிறது. சிலருக்கு வாலிபத்திலும் மூச்சின் கொள்ளளவு சம வயதினரைவிடக் குறைவாகவே இருக்கிறது. ஆனால் நம்பிக்கைக்கு இடமுண்டு. நுரையீரலின் காற்றறைகளில் பெரும்பகுதி பிறந்த பிறகே, முக்கியமாக முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில்தான் உண்டாகிறது. அந்தக் காலத்தில் தாய்ப்பாலும் நல்ல ஆகாரமும் கிடைத்து, பீடி சிகரெட் புகையும், கொசுவர்த்திப் புகையும், தெருவில் குப்பை எரிக்கும் புகையும் அண்டாமல் காத்தால், இழந்ததில் கணிசமானதை உடம்பே ஈடு செய்துகொள்கிறது. நாம் காப்பியில் குடிக்கும் அதே காஃபீனை அளவாகக் கொடுத்தால் குறைமாதச் சிசுக்களின் மூச்சு தடைப்படுவது குறைவதோடு, இந்த நாட்பட்ட நோயும் குறைகிறது என்பதும், இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட சிசுக்களைக் கொண்டு பல நாடுகளில் நடந்த ஆராய்ச்சியில் 2006ல் நிரூபணமாயிற்று. காஃபீன் பெற்ற குழந்தைகளுக்கு மூளைவாதமும் குறைவாகவே வந்தது என்று மறு ஆண்டு தெரிய வந்தது.

கண்ணின் கதை இதைவிட உருக்கமானது. 1940களில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் குறைமாதக் குழந்தைகளுக்குத் தாராளமாகப் பிராணவாயு கொடுத்தார்கள். ஆயிரக்கணக்கான குழந்தைகள் பார்வையற்றுப் போயினர். அளவு மிஞ்சிய பிராணவாயுவே காரணமாகலாம் என்று 1951ல் மெல்போர்ன் நகரத்து மருத்துவர் கேட் காம்ப்பெல் எழுதினார். பின்னர் பிராணவாயுவை மிகக் கடுமையாகக் குறைத்தபோது பார்வை காப்பாற்றப்பட்டது, ஆனால் மரணங்கள் பெருகின. இரண்டுக்கும் இடைப்பட்ட குறுகலான பாதையில், ரத்தத்தில் பிராணவாயு 90க்கும் 95 சதவிகிதத்துக்கும் நடுவே நிற்கும்படி பார்த்துக்கொண்டு, இன்றைய செவிலியர்கள் நடக்கிறார்கள். மேனாடுகளில் மிகச் சிறிய சிசுக்களுக்கே வரும் இந்த விழித்திரை நோய், பிராணவாயுவின் அளவு சரிவரக் கவனிக்கப்படாத நம் ஆஸ்பத்திரிகளில் ஒன்றரைக் கிலோவுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கும் வருகிறது. ஆகையால் 34 வாரத்துக்கு முன் பிறந்தவர்கள், இரண்டு கிலோவுக்குக் குறைவாகப் பிறந்தவர்கள் அனைவருக்கும், பிறந்து முப்பது நாளுக்குள் விழித்திரையைப் பரிசோதிக்க வேண்டும் என்பது நம் நாட்டு விதி. மிகச் சிறிய சிசுக்களுக்கு இன்னும் முன்னதாகவே. நோய் முற்றுவது தெரிந்தால் இரண்டு மூன்று நாட்களுக்குள் லேசர் சிகிச்சை செய்தாக வேண்டும். அது தவறினால் பார்வை திரும்புவது அரிது.

இதற்காகக் கர்நாடகத்தில் நடந்த ஒரு முயற்சி உலகத்தின் கவனத்தைப் பெற்றது. பொம்மசந்திராவிலும் கிளையுள்ள நாராயண நேத்ராலயா கண் மருத்துவமனையின் டாக்டர் ஆனந்த் வினேகர், 2008ல் கிட்ராப் என்ற திட்டத்தைத் தொடங்கினார். பயிற்சி பெற்ற டெக்னீஷியன்கள் கண் படமெடுக்கும் கருவியை வண்டியில் ஏற்றிக்கொண்டு, கண் நிபுணர் இல்லாத மாவட்ட நகரங்களின் சிசு வார்டுகளுக்குக் குறித்த நாளில் போகிறார்கள். படங்களைப் பெங்களூரிலிருக்கும் நிபுணர் இணையத்தின் மூலம் பார்க்கிறார். சிகிச்சை வேண்டிய சிசுவுக்கு அந்த ஊரிலேயே லேசர் செய்யப்படுகிறது. கம்ப்யூட்டர் தொழிலால் பேர்பெற்ற நகரம் அத்தொழிலின் பயனை ஏழைச் சிசுக்களின் கண்களுக்குக் கொண்டுசேர்த்தது எனக்கு மிகுந்த பெருமிதம் அளிக்கிறது.

மூளையைப் பற்றியும் மறைக்காமல் சொல்லவேண்டும். கடுமையான மூச்சுத் திணறலோடு போராடும் முதல் மூன்று நாட்களில் மூளைக்குள் ரத்தக் கசிவு ஏற்படும் அபாயம் உண்டு. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 1995ல் 26 வாரம் நிறையுமுன் பிறந்து பிழைத்தவர்களில் 241 பேரை ஆறு வயதில் பரிசோதித்தபோது, 22 சதவிகிதத்தினருக்குக் கடுமையான ஊனமும், 24 சதவிகிதத்தினருக்கு நடுத்தரமான ஊனமும், 34 சதவிகிதத்தினருக்கு இலேசான குறைகளும் இருந்தன. 20 சதவிகிதத்தினர் ஒரு குறையுமின்றி இருந்தனர். இதைப் படித்து எந்தத் தாயும் மனம் உடையவேண்டாம். அவர்கள் பிழைக்கக்கூடிய எல்லையின் விளிம்பில் பிறந்தவர்கள். முப்பது வாரத்தைத் தாண்டிப் பிறக்கும் குழந்தைகளின் நிலை இதைவிடப் பன்மடங்கு நல்லது. பெரும்பாலோர் மற்ற பிள்ளைகளோடு பள்ளிக்கூடம் போகிறார்கள். சிலருக்குக் கணக்கிலோ கவனத்திலோ பின்னடைவு தெரியலாம். அது சோம்பலாலோ பிடிவாதத்தாலோ வருவதல்ல என்பதை ஆசிரியர்களும் அறிந்திருந்தால் எத்தனையோ அடிகளும் ஏச்சுகளும் மிச்சமாகும்.

இப்போது எலெக்ட்ரானிக் சிட்டிக்குத் திரும்புவோம். பொம்மசந்திராவில் நாராயணா மருத்துவமனை இருக்கிறது. நகரத்தை நோக்கிச் சென்றால் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 2025 ஆகஸ்டிலிருந்து மெட்ரோ ரயிலும் பொம்மசந்திரா வரை ஓடுகிறது. சிகிச்சை கைக்கெட்டும் தூரத்தில்தான் உள்ளது. ஆனால் டிஸ்சார்ஜ் ஆன குழந்தை அடுத்த வாரம் எங்கே இருக்கும்? தாயோடு தருமபுரியில் பாட்டி வீட்டில் இருக்கும். கர்ப்பிணிகளைப் பதிவுசெய்து கர்நாடக அரசு தரும் தாயி அட்டையும் தமிழ்நாட்டு அரசு தரும் பிக்மி எண்ணும் வெவ்வேறானவை. இரண்டு மாநிலத்து ஏடுகளிலும் பேர் இருந்தும், வீடு தேடி வந்து பார்ப்பார் யாருமின்றி ஒரு சிசு நழுவிப்போகக் கூடும். இதோடு நம் ஆசாரம் ஒன்றும் சேர்கிறது. தீட்டுக் கழியும் முப்பதாம் நாள் வரைக்கும், சில குடும்பங்களில் நாற்பதாம் நாள் வரைக்கும், தாயையும் சேயையும் வாசலுக்கு வெளியே விடுவதில்லை. கண்ணைப் பரிசோதித்தாக வேண்டிய கெடுவும் அதே முப்பது நாள்தான். பச்சைக் குழந்தையைத் தொற்றிலிருந்து காக்க ஏற்பட்ட நல்ல வழக்கமே அது. ஆயினும் குறைமாதக் குழந்தையின் விஷயத்தில் அந்த ஒருநாள் விலக்குக் கொடுக்கப் பெரியவர்கள் முன்வர வேண்டும்.

வீட்டில் செய்யக்கூடிய பெரிய சிகிச்சை ஒன்றும் உண்டு. குழந்தையைத் தாய் தன் மார்போடு, தோலும் தோலும் படும்படி, பல மணி நேரம் அணைத்து வைத்திருக்கும் கங்காரு பராமரிப்பு, கொலம்பியா தேசத்தில் 1978ல் இன்குபேட்டர் பற்றாக்குறையால் தோன்றியது. டெல்லி சப்தர்ஜங் ஆஸ்பத்திரியும் பங்கேற்று 2021ல் வெளியான ஆராய்ச்சியில், பிறந்தவுடனேயே இதைத் தொடங்கினால் சிசு மரணம் கால் பங்கு குறைகிறது என்று கண்டார்கள். செயின்ட் ஜான்ஸ் ஆராய்ச்சியாளர்கள் கொப்பள மாவட்டத்தில் அரசாங்க ஆஸ்பத்திரிகளிலும் வீடுகளிலும் இதைப் பரப்பியிருக்கிறார்கள். தாய்க்கு உடம்பு சரியில்லாதபோது தகப்பனும் பாட்டியும் இதைச் செய்யலாம். இரவு ஷிப்டு முடிந்து வரும் தகப்பன்மார் குளித்துவிட்டு ஒரு மணி நேரம் இப்படி அமர்ந்தால் அது வீண்போகாது.

குறைமாதக் குழந்தையின் பெற்றோருக்கு, முடிவாகச் சில வார்த்தைகள். குழந்தை குப்புற விழுவதையும் உட்காருவதையும் நடப்பதையும், அது பிறந்த நாளிலிருந்து கணக்கிடாமல், பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து இரண்டு வயது வரை கணக்கிடுங்கள்; பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டுக் கலங்காதீர்கள். தடுப்பூசிகளை மட்டும் பிறந்த நாளின் கணக்கிலேயே போடுங்கள். கண், காது, வளர்ச்சி ஆகிய மூன்று பரிசோதனைகளும் முடியும்வரை டிஸ்சார்ஜ் காகிதத்தைப் பத்திரமாக வைத்திருங்கள். ஊர் மாறினால், போகும் ஊரில் எந்த ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்று புறப்படுமுன் டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தமிழ்நாடாயினும் கர்நாடகமாயினும் மாவட்டந்தோறும் அரசாங்கத்தின் ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் இக்குழந்தைகளுக்கும் உதவுபவை. அங்கே பேச்சுப் பயிற்சியும் உடற்பயிற்சியும் கட்டணமில்லாமல் கிடைக்கும். குழந்தை நன்றாகத்தானே இருக்கிறது என்று எண்ணி அந்தக் காகிதத்தில் குறித்த தேதியைத் தயவுசெய்து தவறவிடாதீர்கள்.